ரத்னாபாய் டீச்சரின் வெந்நீர் ஊற்று

காப்பியிங் பென்சிலை நாக்கு நுனியில் ஒரு தொடு தொட்டுவிட்டு, ரயில்வே அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்கிறார் ரத்னாபாய் டீச்சர். கொல்லம் போகும் வழியில் இரண்டு ஸ்டேஷன்களை முன்பின்னாக அச்சடித்துவிட்டார்களாம். ரயில் என்னவோ அந்தப் பிழையை லட்சியம் செய்யாமல் ஒழுங்காகத்தான் போய் வருகிறது. இருந்தாலும் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. “அச்சடிக்கியவனுக்குத் திக்கு தெரியாண்டாமா பிள்ளே?” என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டே ஊதா நிறத்தில் ஓர் அம்புக்குறி போடுகிறார். அதற்கப்புறம்தான் பென்சில் மறுபடி கொண்டைக்குள் போகிறது.

அந்தப் பென்சில் இல்லாத கொண்டையைப் பார்த்தவர்கள் திருவனந்தபுரத்தில் குறைவு. உலர்ந்திருந்தால் கறுப்பாக எழுதும். ஈரம் பட்டால் ஊதாவாகப் பிடித்துக்கொள்ளும், லேசில் போகாது. அதனால் டீச்சரின் நாக்கு நுனி வருஷம் முழுவதும் ஊதாதான். டீச்சர் மை குடிக்கிறார் என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் மனமார நம்புகின்றன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் வாயைத் திறந்து பாடும்போது, பக்கத்தில் நிற்கும் குழந்தைகள் பாட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டு அந்த நாக்கையே பார்க்கின்றன.

வயது நாற்பத்தைந்து. ஊர் நாகர்கோவில் பக்கம். சாலை பஜாருக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறார். அடிக்கமாட்டார், திட்டமாட்டார். பதிலைத் தப்பாகச் சொன்ன பெண்ணை அருகில் கூப்பிட்டு, இடது மணிக்கட்டைப் பிடித்து, பென்சிலை நாக்கில் தொட்டு, நாடிக்கு நேராகக் காலணா அளவில் ஒரு வட்டம் போடுவார். “காயட்டும். போ” என்பார். அவ்வளவுதான் தண்டனை. ஆனால் அந்த வட்டம் சோப்புக்கும் அசையாது, சீயக்காய்க்கும் அசையாது. மூன்று நாள் இருக்கும். வீட்டில் கேட்பார்கள், தெருவில் கேட்பார்கள், வளையல் போடவரும் செட்டியார்கூடக் கேட்பார். கேட்கிற ஒவ்வொருவரிடமும் எதைத் தப்பாகச் சொன்னோம், எது சரி என்று ஒப்பித்தாக வேண்டும். அப்புறம் அந்தப் பதில் ஆயுசுக்கும் மறக்காது.

டீச்சரின் பூகோளம் முழுவதும் ஒரு கறுப்பு அட்டை நோட்டுக்குள் இருக்கிறது. டிரெயினிங் படித்த காலத்தில் வாத்தியார் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டது. நைல் நதி அதில்தான் ஓடுகிறது. இமயமலை அதில்தான் நிற்கிறது. அவற்றை நேரில் பார்க்கவேண்டும் என்று டீச்சர் ஆசைப்பட்டதே இல்லை. தப்பித்தவறி எங்கேயாவது போனாலும், பார்க்கவேண்டியதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, நோட்டை விரித்து அதைப் பற்றி விளக்குவார். ஒரு தடவை விழிஞ்ஞத்தில் இப்படித்தான் கடலுக்கு முதுகைக் காட்டியபடி அலையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் அலை வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போயிற்று. “பாத்தியளா, நான் சொன்னேம்லா?” என்று சேலையைப் பிழிந்துகொண்டே அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

அந்த நோட்டின் பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி: ‘திருவிதாங்கூரில் வெந்நீர் ஊற்று உள்ள இடம் வர்க்கலை.’ பதினெட்டு வருஷத்துப் பெண்களும் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். எதிர்த்தவள் ஒருத்திதான், ஓமனா.

ஓமனாவின் அப்பா அஞ்சல் ஆபீஸில் வேலை பார்த்தவர். வர்க்கலையிலிருந்து மாற்றலாகி வந்தார். ஆபீஸுக்குப் பக்கத்துச் சுவர் பள்ளிக்கூடம் என்பதால் மகளை இங்கே சேர்த்துவிட்டார். ஏழாம் வகுப்புப் பரீட்சையில் அவள் ‘வர்க்கலை ஊற்றின் தண்ணீர் குளிர்ந்தது’ என்று எழுதிவைத்தாள். டீச்சர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஞான் அதிலே குளிச்சிட்டுண்டு டீச்சரே. பச்சத்தண்ணி ஆணு” என்று அழாக்குறையாகச் சொன்னாள் ஓமனா.

“நீ குளிச்ச அன்னைக்கு ராத்திரி மழை பெஞ்சிருக்கும், பாத்துக்கோ. ஆறிப்போயிருக்கும்” என்று வட்டத்தைப் போட்டு முடித்தார் டீச்சர்.

அந்த ஒரு மார்க்கில் பூகோளப் பரிசு கைநழுவியது. மரத்தண்டில் சுழலும் குட்டி உலக உருண்டை அது. வேறொரு பெண் வாங்கிக்கொண்டு போனாள். ஓமனா மூன்று நாள் இடது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு நடந்தாள்.

இது நடந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. அதே ஓமனா இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். வரும் வருஷம் ஏழாம் வகுப்புப் பூகோளம் அவள் கைக்குப் போகிறது. ரத்னாபாய் டீச்சர் பெரிய மனசு பண்ணி, யாருக்கும் கொடுக்காத கறுப்பு நோட்டையே தூக்கி அவளிடம் கொடுத்தார். ஓமனா ஒரு வாரம் வைத்திருந்து வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“எல்லாம் இதிலே உள்ளபடி சொல்லிக்கொடுக்காம் டீச்சரே. பதினேழாம் பக்கத்திலே அந்த ஒரு வரி மாத்ரம் என் வாயிலே வராது.”

டீச்சருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்கும் விஜயத்திடம் போய்க் கொட்டித் தீர்த்தார். “பதினெட்டு வருசம் பிள்ளையளுக்கு நான் பொய்யா சொன்னேன்? எத்தனை கையிலே வட்டம் போட்டிருக்கேன் தெரியுமா? தண்ணி பச்சத்தண்ணின்னா அந்த வட்டமெல்லாம் என்னத்துக்கு ஆவும் விஜயம்? நான் என்னத்துக்கு ஆவேன்?”

விஜயம் ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துக்காரி. சண்டை என்றாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும். “இதுக்கு ஏன் இத்தனை பேச்சு? எல்லாருமாப் போய் ஜலத்திலே கையை வெச்சுப் பாத்துட்டு வந்துட்டா ஆச்சு. எனக்கும் அடுக்களைக்கும் பள்ளிக்கூடத்துக்குமா நடந்து அலுத்துப்போச்சு, கேட்டேளா” என்றாள்.

இப்படித்தான் ஓணம் லீவில் நான்கு டீச்சர்கள் ரயிலேறினார்கள். நாலாவது ஆள் தையல் டீச்சர் செல்லபாய். தங்குவதற்கு வர்க்கலையில் ஓமனாவின் அம்மா வீடு. முதல் நாள் அஞ்சுதெங்குக் கோட்டையும் கடற்கரையும், மறுநாள் காலை ஊற்று என்று ஊதா எழுத்தில் திட்டம் தயாராகியிருந்தது.

‘வெந்நீர் ஊற்றுகளில் யாத்ரீகர்கள் அரிசி, கிழங்கு முதலியவற்றைத் துணியில் கட்டி இறக்கி வேகவைத்துக்கொள்வர்’ என்றும் நோட்டு சொல்கிறது. ஆகவே டீச்சர் இருபது சீனிக்கிழங்குகளை ஒரு துணிப்பையில் போட்டு, இறக்குவதற்கு ஆறு முழம் கயிறும் கட்டி, செல்லபாயிடம் ஒப்படைத்தார். கொஞ்சம் உப்பும் ஒரு பொட்டலத்தில் வந்தது. செல்லபாய்க்கு ஊற்றைப் பற்றி எந்தக் கட்சியும் இல்லை. “யக்கா, கிழங்கு எப்பம் வேகும்?” என்பதுதான் ரயில் ஏறியது முதல் அவள் கேட்ட ஒரே கேள்வி.

அஞ்சுதெங்கில் கோட்டையைவிட ஆடுகள் அதிகம் இருந்தன. உடைந்த மதிலில் புல் முளைத்திருந்தது. புல் உள்ள இடத்திலெல்லாம் ஓர் ஆடு நின்றது. ரத்னாபாய் டீச்சர் மதிலுக்கு முதுகைக் காட்டி நின்று, இங்கிலீஷ்காரக் கம்பெனி எதற்காக அங்கே கோட்டை கட்டியது, என்னென்ன சரக்கு கப்பலில் போயிற்று என்று வாசித்தார். அவர் மிளகுக்கு வந்தபோது ஒரு கிடா செல்லபாயின் பைக்குள் தலையை விட்டது. செல்லபாய் இழுக்க, கிடா இழுக்க, கயிறு விஜயத்தின் காலில் சுற்ற, விஜயம் “ஐயையோ, பகவானே!” என்று கத்தினாள்.

“பின்னாலே யாரு பேசியது?” என்றார் டீச்சர், திரும்பாமலே.

கிடா மூன்று கிழங்கோடு மதிலேறிவிட்டது. பிறகு அங்கே கடற்கரையில் மற்ற மூவரும் முழங்கால்வரை தண்ணீரில் நின்று சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் மணலில் உட்கார்ந்து மீதிக் கிழங்குகளை எண்ணினார். மறுநாளைக்குப் பதினேழு போதும் என்று தேற்றிக்கொண்டார்.

விடிந்ததும் ஓமனாவின் அம்மா பெரிய செம்புக் கலத்தில் வெந்நீர் போட்டு, கொல்லைப்புறக் குளிமுறியில் வைத்தாள். மற்ற மூவரும் குளித்துவிட்டார்கள். டீச்சர் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“சாமி தந்த வெந்நீர் இருக்கு. அதுக்கு மேலே எதுக்கு ஒங்களுக்கு வெறகுச் செலவு?”

ஓமனாவின் அம்மா மகளைப் பார்த்தாள். ஓமனா கூரையைப் பார்த்தாள். பார்வையை இறக்காமலே, “டீச்சரே, குன்று இறங்கினா முட்டுவலி கூடும். நமக்குக் கோயில் மாத்ரம் போய் வரலாம், அது மதி” என்றாள். நேற்று மாலையிலிருந்து அவள் இப்படி ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

இந்தப் பெண்ணுக்குத் தோற்றுப்போகிற பயம் வந்துவிட்டது என்று டீச்சருக்குத் தோன்றியது. கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. “பயப்படாதே பிள்ளே. வெந்நீருன்னு ஆனாலும் நான் ஒண்ணும் ஒன்னைக் கேலி பண்ணமாட்டேன்” என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

குன்றின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே பாபநாசம் கடற்கரை. கடலைப் பார்த்த செம்மண் சரிவின் அடியில், பாறைக்கு முன்னால், வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. டீச்சரின் முகம் அப்போது எப்படி மலர்ந்தது என்பதை எழுதிக்காட்ட முடியாது.

“ஆவி! ஆவி பாத்தியளா! விஜயம், நல்லாப் பாரு, பொறவு பாக்கல்லன்னு சொல்லப்பிடாது! செல்லபாய், கயித்தை அவுத்துவிடு!”

முட்டுவலி போன இடம் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஆட்டுக்குட்டிபோல அந்தச் சரிவில் இறங்கினார். இவரைவிட வேகமாக இறங்கியவள் பையோடு போன செல்லபாய்தான். கீழே போய்ச் சேர்ந்து, ஆவிக்குப் பக்கத்தில் நின்று, அண்ணாந்து கத்தினாள்:

“யக்கா! இது சுக்குக்காப்பி! கப்பு காலணாவாம்! வாங்கட்டா?”

காப்பிக்காரன் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், பாறையில் செதுக்கிய வாய் ஒன்றிலிருந்து ஊற்றுத் தண்ணீர் தடித்த கயிறுபோல விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழிருந்து அப்போதுதான் ஒரு பெரியவர் வெளியே வந்தார். பல் கிட்டிப்போய், இரண்டு கையாலும் மார்பைக் கட்டிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் காப்பிக்காரனிடம் போனார்.

“பாவம், ரத்தமில்லாத உடம்பு” என்றார் டீச்சர்.

அப்புறம் அவர் நோட்டை விஜயத்திடம் நீட்டினார். எதையும் முதுகுக்குப் பின்னால் வைத்தே பார்த்தவர், அன்றைக்கு ஊற்றை நேருக்கு நேர் பார்த்து நின்றார். வளையலை மேலே தள்ளிவிட்டு, இடது கையைத் தண்ணீருக்குள் நீட்டினார்.

நல்ல பச்சைத்தண்ணீர். தோள்வரை சிலிர்த்தது. கையை எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பாறைக்கு உள்ளே, ஊற்று புறப்படும் இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே இன்னும் குளிர்ந்திருந்தது. பதினெட்டு வருஷத்து மணிக்கட்டுகள் வரிசையாக வந்து முன்னால் நின்றன. சிலவற்றின் பெயர்கூட நினைவு வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று டீச்சர் நினைத்ததே இல்லை.

விஜயம் கடலில் ஏதோ படகைத் தேடினாள். செல்லபாய்கூடக் கிழங்கைப் பற்றிக் கேட்கவில்லை.

ஓமனாதான் பக்கத்தில் வந்து நின்று, மெள்ளச் சொன்னாள்: “நேத்து ராத்திரி நல்ல மழையல்லே டீச்சரே. ஆறிப்போயிருக்கும்.”

ராத்திரி ஒரு தூறல்கூட விழவில்லை. குத்திக்காட்டுகிறாளா என்று டீச்சர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் குத்தல் இல்லை. டீச்சர் இதைச் சும்மா ஒத்துக்கொண்டுவிட்டால் போதும் என்கிற தவிப்பு மட்டும்தான் இருந்தது. ஒத்துக்கொண்டால் விஜயமும் ஒத்துக்கொள்வாள், செல்லபாயும் ஒத்துக்கொள்வாள். நால்வரும் சுக்குக்காப்பி குடித்துவிட்டு ரயிலேறிவிடலாம்.

டீச்சர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார். பழக்கதோஷத்தில் வாய்வரை கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். நாக்குக்கு அன்றைக்கு வேலை இல்லை. கை நனைந்துதான் இருந்தது. தம் இடது மணிக்கட்டின் ஈரத்தில், நாடிக்கு நேராக, காலணா அளவில் ஒரு வட்டம் நிதானமாகப் போட்டார். ஊதா நன்றாகப் பிடித்தது. சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளாமல், அந்தக் கையை ஓமனாவின் முன்னால் நீட்டி, அது காய்கிறவரை அப்படியே நின்றார்.