லுரீன் எழுந்து நின்ற ஆட்டம்

லுரீன் பிக்கெட்டின் கை வேகத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பலாம். பத்துப் பேருக்கு ஆளுக்கு இரண்டு சீட்டு போட்டு அவள் நிமிரும்போது, பக்கத்து மேசைக்காரர் இன்னும் கலைத்துக்கொண்டிருப்பார். லாஸ் வேகஸில், ஃப்ரீமான்ட் தெருவின் காப்பர் லாம்ப் சூதாட்ட விடுதியில் ஒன்பது வருஷம் காப்பித் தட்டு சுமந்த கை அது.

அங்கே வருஷா வருஷம் நடக்கும் போக்கர் போட்டி முதல் வருஷம் சாப்பாட்டுக்கூடத்தில் இரண்டு மேசையோடு சரி. எட்டாம் வருஷம் நூற்றிருபது பேர் வந்தார்கள். அதுவரை சீட்டுப் போட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். லுரீன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், போட்டியை நடத்தும் கிளெட்டஸ் அந்த வருஷம்தான் இறங்கி வந்தார்.

“ஒரே ஒரு தப்பு. மறுபடியும் தட்டுதான், புரியுதா?”

“புரியுது கிளெட்டஸ். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி காப்பி போடறதவிட இது சுலபம்தான்.”

மூன்றாம் நாள் மதியம் பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள். பரிசு பதினெட்டுப் பேருக்கு. இன்னும் ஒருவர் தோற்றால் போதும், மற்ற எல்லாருக்கும் பரிசு உண்டு. அந்த ஒருவர் மட்டும் வெறுங்கையோடு போக வேண்டும்.

லுரீனின் மேசையில் பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லை குறைந்துபோனவர் எம்மெட். டோனபா வெள்ளிச் சுரங்கத்தில் முதுகு உடைய வேலை பார்த்த கிழவர். அடுத்த மேசையில் அதே கதி பெரிய தொப்பிக்கார டூலிக்கு. ஒவ்வோர் ஆட்டத்திலும் சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வந்தவர் கட்டாயப் பந்தயம் வைத்தாக வேண்டும். ஆட்டம் எத்தனை நடக்கிறதோ அத்தனைக்குச் சின்னக் குவியல் கரையும். டூலி அதைக் கண்டுகொண்டான். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நிமிஷம் கூரையைப் பார்ப்பான், பிறகு ஆடாமல் கவிழ்ப்பான். அவன் மேசையில் ஓர் ஆட்டம் நடப்பதற்குள் லுரீனின் மேசையில் நாலு நடந்தது.

“கண்ணு, உன் கை சுறுசுறுப்பு எனக்குத் தெரியும். ஆனா நீயே என்னை முழுங்கிடுவே போலிருக்கே,” என்றார் எம்மெட். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மிச்சமிருந்த வில்லைகளை ஒருமுறை எண்ணிக்கொண்டார்.

லுரீனுக்குச் சுரீரென்றது. கிழவரைக் கரைப்பது டூலியின் கூரை அல்ல, தன் விரல்கள். வேண்டுமென்று மெதுவாகப் போடலாமா? அது ஒருவர் பக்கம் சாய்வது, திருட்டு. அவள் கிளெட்டஸைக் கூப்பிட்டு, டூலி நேரம் கடத்துவதைச் சொன்னாள்.

“யோசிக்கக் கூடாதுன்னு விதி இருக்கா என்ன? நீ சீட்டைப் போடு,” என்றார் அவர்.

அடுத்த கட்டாயப் பந்தயம் எம்மெட்டுடையது. அதை வைத்தால் மீதம் இரண்டே வில்லை. லுரீன் சீட்டைக் கலைத்தாள். சீட்டுக்கட்டை மேசையில் வைத்தாள். இரண்டு கையையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டினாள். சீட்டுப் போடுபவர் மேசையை விட்டுப் போகும்போது, எதையும் ஒளிக்கவில்லை என்று காட்டும் வழக்கம் அது. பிறகு எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கூடமே திரும்பிப் பார்த்தது. கிளெட்டஸ் ஓடிவந்தார்.

“என்ன, வீட்டுக்குக் கிளம்பிட்டியா?”

“இல்ல. அந்த மேசையில ஆட்டம் முடியட்டும், இங்க நான் போடறேன். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு.”

“உக்காரு லுரீன். உன் இடத்துல வேற ஆள் வைக்க ஒரு நிமிஷம் ஆகாது.”

“வைங்க. நான் தட்டை எடுத்துக்கறேன்.”

கிளெட்டஸ் விரலைச் சொடுக்கி வாட்கின்ஸைக் கூப்பிட்டார். முதல் வருஷத்திலிருந்து சீட்டுப் போடுபவர். அவர் வந்தார், கட்டைப் பார்த்தார், லுரீனைப் பார்த்தார். உட்காரவில்லை. அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

“டூலி, கூரையில என்ன எழுதியிருக்கு? எங்களுக்கும் படிச்சுக் காட்டேன்!” என்று யாரோ கத்தினார்கள். டூலி காது சிவக்கச் சீட்டை வீசினான். அங்கே ஆட்டம் முடிந்தது.

கிளெட்டஸின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “சரி. ஒண்ணுக்கு ஒண்ணு. உன்கிட்ட அப்புறம் பேசறேன்.”

இரண்டு மேசையிலும் ஒரே நேரத்தில் சீட்டு விழுந்தது. எம்மெட்டுக்கு இரண்டு ராணி. இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினார். எதிராளியிடம் ஏஸும் ஒன்பதும். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் ஐந்து சீட்டில் கடைசியைத் திருப்பியவள் லுரீன்தான். ஏஸ். ராணி ஜோடியை ஏஸ் ஜோடி வென்றது, எம்மெட்டிடம் ஒரு வில்லையும் மிஞ்சவில்லை. அவள் அதை மறைக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. அதே மூச்சில் அடுத்த மேசையிலும் கூச்சல். இனிக் காத்திருந்து பயனில்லை என்று டூலியும் எல்லாவற்றையும் தள்ளித் தோற்றிருந்தான்.

“இப்ப யாரு பத்தொன்பது?” என்று தலையைச் சொறிந்தார் கிளெட்டஸ்.

“ஒரே ஆட்டத்துல போனாங்க. கடைசிப் பரிசை ஆளுக்குப் பாதியாக் கொடுங்க,” என்றாள் லுரீன்.

“அவனோட பாதியா!” என்று எம்மெட் வயிறு குலுங்கச் சிரித்தார். டூலி சிரிக்கவில்லை.

சொன்ன சொல்லைக் கிளெட்டஸ் காப்பாற்றினார். இறுதி நாள் லுரீன் தட்டுதான் சுமந்தாள். அவர் முன்னால் காப்பியை வைத்தாள், கையைத் தட்டினாள், இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள், போனாள்.

ஒன்பதாம் வருஷத்து விதித்தாளில் புது வரி ஒன்று இருந்தது: பரிசு எண்ணிக்கையைவிட ஆட்டக்காரர் ஒருவர் மட்டும் கூடுதலாக இருக்கும்போது எல்லா மேசையும் சேர்ந்தே ஆட வேண்டும், ஆட்டம் முடிந்த மேசையில் சீட்டுப் போடுபவர் எழுந்து நிற்க வேண்டும். யார் பெயரும் இல்லை. கிளெட்டஸ் தாளை நீட்டியபோது லுரீன் கையில் தட்டு இருந்தது.

“அதை வெச்சுட்டு வா,” என்றார். “இவங்க யாருக்கும் சரியா நிக்கத் தெரியல.”