மூடிப் பாட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி செய்வோம். டப்பாவை வேறு எங்கேயோ செய்தார்கள். எங்களுக்கு மூடி மட்டும்தான். ஊறுகாய் மூடி, பெயிண்ட் மூடி, குழந்தைப் பவுடர் மூடி. மளிகைக் கடைக்குப் போனால் அம்மா ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இது நீ செஞ்சதா பாருடி" என்பாள். நானும் திருப்பிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றுதான் சொல்வேன். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மூடி செய்யும் மிஷின் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மூன்று சத்தம் கொடுக்கும். டொக். ஷ்ஷ்ஷ். டடக். நாள் முழுக்க அதைக் கேட்டால் சிலருக்குத் தலைவலி வரும். எனக்கு வார்த்தை வந்தது. சினிமாப் பாட்டுகளின் நடுவில் ராப் என்று வேகவேகமாக ஒன்று பேசிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி நானும் மிஷினோடு சேர்ந்து முணுமுணுப்பேன். சூபர்வைசரின் நடை, கேன்டீன் சாம்பார், காலை ரயிலின் நெரிசல் எல்லாம் அதில் வரும்.

ஒருநாள் அப்படி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அச்சு மாற்றுவதற்காக மிஷினை நிறுத்தினார்கள். ஆனால் சத்தம் நிற்கவில்லை. டொக், ஷ்ஷ்ஷ், டடக். திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் மூடியின் ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்த பெண், தலை முக்காட்டைக்கூட அசைக்காமல், வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா நிறுத்திட்ட? பாடு. நான்தான் போட்டுக்கினு கீறேனே" என்றாள்.

அவள் பழவேற்காட்டுக்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பொன்னேரியில் துணிக்கடை. தினமும் பஸ்ஸில் பொன்னேரி வந்து ரயில் ஏறுவாள். நான் கவரைப்பேட்டையில் ஏறுவேன். அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. அந்த ஒரு ஸ்டேஷன் தூரம் எவ்வளவு நேரமோ அவ்வளவுதான் எங்கள் பாட்டின் நீளம். பெண்கள் பெட்டியில் அவள் வாயால் தாளம் போட, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடுவேன். தண்டையார்பேட்டையிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் வேலைக்கு வருகிற பெண்கள் தூக்கத்தை விட்டுவிட்டுக் கேட்பார்கள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்:

ஊருல உள்ள டப்பாவுக்கெல்லாம்
நான்தான் செய்யறேன் மூடி
என் வாய்க்கு ஒரு மூடி செய்ய
மிஷினே இல்ல, போடி!
கவரைப்பேட்ட ஏறி வந்தா
கால வைக்க இடம் ஏது
கால வெச்ச கால் மேல
இன்னொரு காலு கீது!

அந்த வருஷ ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஒரு மெல்லிசைக் குழுவை வரவழைத்திருந்தார்கள். மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி கொடுத்து முடித்த பிறகு கச்சேரி. நடுவில் எங்கள் லைன் பெண்கள் எங்கள் இருவரையும் பிடித்து மேடையில் தள்ளிவிட்டார்கள். மூடிப் பாட்டைப் பாடி முடித்தோம். சூபர்வைசரின் நடையைக் கிண்டல் செய்யும் வரி வந்தபோது சூபர்வைசரே விசில் அடித்தார்.

இறங்கியதும் குழுவின் தலைவர் கூப்பிட்டார். கீபோர்டு வாசிப்பவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள்.

"நல்லா பண்றீங்கமா. என் கூட வரீங்களா? கல்யாண ரிசப்ஷன், கோயில் விசேஷம். இப்ப எல்லா பாட்டுலயும் நடுவுல ராப் வருது. எங்கிட்ட அத்த பாட ஆளே இல்ல."

"எங்க பாட்டும் பாடலாமா மாஸ்டர்?" என்றேன்.

"மூடியா? கல்யாண ஊட்ல போய் இன்னாத்துக்குமா மூடி? ஜனங்களுக்குத் தெரிஞ்ச பாட்டா பாடினாதான் கேப்பாங்க."

எனக்கு முகம் சுருங்கியது. ஆனால் தோழி சரி என்று தலையாட்டிவிட்டாள். வீட்டுக்குப் போகும் ரயிலில் விளக்கம் சொன்னாள். "எங்க கடையில இன்னா பண்ணுவோம் தெரியுமா? வந்தவங்க பச்ச கலர் கேட்டா மொதல்ல பச்சயதான் காட்டுவோம். உக்கார வெச்சிட்டு அப்புறமா நமக்குப் புடிச்சத விரிப்போம். எடுத்ததும் நம்ம புடிச்சத விரிச்சா எழுந்து போய்டுவாங்க."

"உக்காந்தவங்க பச்சயவே வாங்கிக்கினு போய்ட்டா?"

"அப்பவும் யாவாரம் ஆச்சு இல்ல?"

அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. அவள் வீட்டில் அத்தா, இருட்டுவதற்குள் வீடு வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். மாலை ரிசப்ஷன்களில் முதல் சில பாட்டுகளோடு எங்கள் வேலை முடிந்துவிடும் என்று மாஸ்டரும் வாக்குக் கொடுத்தார்.

முதல் கல்யாணம் ஆரம்பாக்கத்துப் பக்கம். சினிமாப் பாட்டின் நடுவே நான் பாட வேண்டிய ராப் வரிகளை மாஸ்டர் சிடியில் கேட்டுக் கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அது ஆங்கிலமா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரியாது. நான் பொருள் எதுவும் தெரியாமல் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பந்தலே எழுந்து ஆடியது. மாப்பிள்ளை மாலையோடு இறங்கி வந்து இன்னொரு முறை கேட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளே ஜில்லென்றுதான் இருந்தது. அவ்வளவு பேர் என்னைப் பார்த்துக் கைதட்டியது அதற்கு முன் நடந்ததில்லை. பந்தியில் பெண் வீட்டு அம்மா ஒருத்தி என் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைத்துவிட்டு, "அது இன்னா பாஷமா, தெலுங்கு மாரியும் இல்லியே?" என்று கேட்டாள்.

"தெரியலமா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் ஜாங்கிரியை இலையோரமாக ஒதுக்கினேன். நான் பாடியதை எனக்கே என்னவென்று சொல்லத் தெரியவில்லையே என்று இருந்தது. தோழிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவள் எனக்கு வைத்த ஜாங்கிரியையும் சேர்த்துத் தின்றாள்.

சில மாதம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால், "இன்னிக்கு மூடி பாடலாமா மாஸ்டர்?" என்று கேட்பேன். "அடுத்த வாட்டி பாக்கலாம்மா" என்பார். பிறகு ஒருநாள் ஒத்திகைக்குப் போனபோது புதிதாக ஒரு ரிதம் பேட் வந்திறங்கியிருந்தது. குச்சியால் தட்டினால் நூறு விதமான தாளம் கொட்டியது. மாஸ்டர் அதைக் குழந்தை மாதிரி தடவிக்கொண்டே, "வாயால பண்றதெல்லாம் இனிமே இதுவே பண்ணிரும். பாடற பொண்ணு மட்டும் வந்தா போதும்" என்றார்.

தோழி "சரி மாஸ்டர்" என்றாள், சாதாரணமாக. டீ குடித்தாள். மறுநாள் ரயிலில் வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் பாட ஆரம்பித்தேன். தாளம் வரவில்லை. கும்மிடிப்பூண்டி வரும்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சட்டய மாத்துன்னா மாத்திக்கலாம்டி. ஆளயே மாத்துன்னா இன்னா பண்றது?"

அன்று சாயங்காலமே மாஸ்டருக்கு போன் போட்டு இரண்டு பேருமாக வந்தால்தான் வருவேன் என்றேன். "உன் இஷ்டம்மா" என்றார். கோபமில்லை. அந்த அளவுக்கு நான் முக்கியமில்லை போலிருக்கிறது.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு செல்போன் கடை. ரீசார்ஜ், பவுச், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுதல். கடைக்காரர் எங்கள் வயதுதான். அவரிடம் கம்ப்யூட்டரும் ஒரு மைக்கும் இருந்தன. நம் பாட்டை நாமே பதிவு செய்தால் என்ன என்று கேட்டது நான் இல்லை, தோழி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி, சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தி, மூன்று பேரும் வேர்த்து ஊற்றப் பதிவு செய்தோம். நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திரும்பவும் பாடத் தெம்பில்லை. "நல்லாதானே கீது, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டோம்.

"இன்னா பேரு போடறது?" என்று கேட்டார் கடைக்காரர். அதில் எங்களுக்குள் தகராறு. எங்கள் பேரைப் போட வேண்டும் என்றேன் நான். ஸ்டைலாக ஏதாவது வைக்கலாம் என்றாள் அவள். முடிவாகாமல் ரயிலுக்கு நேரமாகி அவள் கிளம்பிவிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு காலை பெண்கள் பெட்டியில் ஒரு புதுப் பெண் செல்போனில் பாட்டு வைத்திருந்தாள். டொக், ஷ்ஷ்ஷ், டடக். பிறகு என் குரல். என் குரலை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. தோழி என் கையைக் கிள்ளினாள்.

"யாருமா பாடினது?" என்று கேட்டேன்.

"சிங்கப்பூர் பொண்ணுங்கக்கா. சூப்பரா கீது இல்ல? புளூடூத் ஆன் பண்ணுங்க, அனுப்பறேன்."

"சிங்கப்பூர்லயா? பாட்டுல கவரைப்பேட்டன்னு வருதே?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அங்கியும் ஒண்ணு இருக்கும்க்கா."

பழைய பெண்களுக்கெல்லாம் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு மட்டும் ஆத்திரம். சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒளிக்கவே இல்லை.

"உங்க பேர போட்டா எவனும் ஏத்த மாட்டேன்றான். யாரு இதுங்கன்னு கேட்டு அழிச்சிடறான். இப்ப வெளிநாட்டுலேர்ந்து நெறய தமிழ் ராப் வருது. சிங்கப்பூர் ராப்புன்னு போட்டேன், எல்லாரும் கேட்டு வாங்கிக்கினு போறாங்க. சினிமா பாட்டு ஏத்த வரவனுக்கெல்லாம் இதையும் ஒண்ணு சேத்து ஏத்திட்டேன். தப்பா? மாத்திடவா?"

"மாத்து" என்றேன்.

"வேணாம், ஓடட்டும்" என்றாள் அவள். "எங்க கடைல திருப்பூர் பனியன் கீது, வெளிநாட்டு லேபிளோட. துணி நம்ம துணிதானே?"

"லேபிள்ல நம்ம பேர் இருந்தா இன்னா கொறஞ்சிடும்?"

"இப்பத்திக்கு விக்காது. அதான் சொல்லிட்டாரே."

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு மூன்று சர்பத் வரவழைத்தார். குடித்து முடித்தும் முடிவாகவில்லை. பாட்டு அதன் பாட்டுக்கு ஓடியது. கம்பெனி பஸ்களில், டீக்கடையில், தடாவுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில்கூடக் கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த பொங்கலுக்கு முன்னால் மாஸ்டரிடமிருந்து போன்.

"நல்லா கீறியாமா? ஒண்ணுமில்ல, கவரைப்பேட்டைல பொங்கல் விழா கச்சேரி. அந்த சிங்கப்பூர் பொண்ணுங்க பாட்டு ஒண்ணு வந்துகினு கீது பாரு, அத்த பாடணும்னு கமிட்டில ஒரே புடியா நிக்கறாங்க. உன் குரலுக்கு பொருந்தும். ஒரு வாரத்துல கத்துக்க முடியுமா?"

 "மாஸ்டர், அது நாங்கதான்" என்றேன்.

"நீங்கன்னா?" என்றார்.

"ஆயுத பூஜைல பாடினோமே மாஸ்டர். மூடி."

"அட ஆமா! அப்ப எங்கிட்ட ஏம்மா பாடல?"

"நான்தான் ஒவ்வொரு வாட்டியும் கேட்டேனே. நீங்கதான் அடுத்த வாட்டின்னீங்க."

"அன்னிக்கு யாரும் சிங்கப்பூர்னு சொல்லலியேமா" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

நான் நிபந்தனை போட்டேன். தாளத்துக்கு அவள்தான், ரிதம் பேட் அந்தப் பாட்டில் வாயைத் திறக்கக்கூடாது. ஒத்துக்கொண்டார். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். ஆடவைக்கிற சினிமாப் பாட்டு ஒன்றையும் பாட வேண்டும். நான் யோசிப்பதற்குள் பக்கத்தில் காதை ஒட்டி வைத்திருந்த தோழி போனைப் பிடுங்கி, "ரெண்டு கூட பாடறோம் மாஸ்டர்" என்றாள்.

விழா தண்டவாளத்தை ஒட்டிய மைதானத்தில். வெயில் சாய்ந்த நேரம். அவளுடைய அத்தா கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "சிங்கப்பூர் புகழ் மூடிப் பாட்டு, நம்ம ஊர் பொண்ணுங்க குரல்ல!" என்று அறிவித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவள் டொக் என்று ஆரம்பித்ததும் கூட்டம் ஷ்ஷ்ஷ் என்றது. எல்லோருக்கும் எல்லா வரியும் மனப்பாடம். கம்பெனிச் சீருடையோடு அப்படியே வந்திருந்தவர்கள் என்னை முந்திக்கொண்டு பாடினார்கள்.

"ஒரிஜினல் மாரியே கீது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அப்போது அந்தப் பதிவில் இல்லாத ஒரு பத்தியை எடுத்துவிட்டேன். அன்று காலைதான் எழுதியது. அந்த மைதானம், பக்கத்து லெவல் கிராசிங்கில் நிற்கும் கூட்டம், கரும்பு கடித்துக்கொண்டே பாட்டுக் கேட்பவர்கள் என்று கண்ணெதிரில் இருப்பதையெல்லாம் சொல்லும் பத்தி. கூட்டம் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு கேட்டது. அவர்களுக்குத் தெரியாத வரி அது. பிறகு எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பியது, அது அப்படியே பரவியது. "டேய், இதுங்கதான்டா அதுங்க!" என்று ஒரு குரல். என் தோழி தாளத்தை விடாமலே கண்ணால் சிரித்தாள். லேபிளில் பேரைப் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிறைந்திருக்காது.

அடுத்தது சினிமாப் பாட்டு. நடுவில் அந்தப் புரியாத ராப் வரும் இடம் நெருங்கியது. மாஸ்டர் எழுதிக் கொடுத்த பழைய வரிகள் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தன. முதல் இரண்டை அப்படியே பாடினேன். அதற்கு மேல் வாய் போகவில்லை. மீதியை அதே வேகத்தில், அதே அளவில், எங்கள் பேச்சில், கவரைப்பேட்டையைப் பற்றியே போட்டு நிரப்பினேன். மாஸ்டரின் தலை சடக்கென்று திரும்பியது. விரல்கள் மட்டும் கீபோர்டில் ஓடிக்கொண்டே இருந்தன. கூட்டம் ஆடுவதை நிறுத்தவில்லை.

இறங்கியதும் என்னிடம் வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"நடுவுல இன்னாமா பாடின?"

"தமிழ் மாஸ்டர்."

"அது தெரியுதுமா. எனக்கே புரிஞ்சிதே, அதான் கேட்டேன்" என்றார். "திருத்தணில அடுத்த வாரம் ஒரு கல்யாணம். அங்கியும் அதயே பாடு. ஆனா கவரைப்பேட்டய எடுத்துட்டு திருத்தணின்னு போட்டுக்க."

நான் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் மாஸ்டருக்கு எதுவுமே கேட்கவில்லை.