வீட்டில் மாடு இருக்கிறதா?

வகுப்பில் கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. 1984ஆம் ஆண்டு அது. பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். மேசையைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுந்தபோது கீழ்முதுகின் வலப்பக்கம் ஆணி இறங்கியது போலிருந்தது. சுளுக்கு என்று நினைத்தேன்.

சுளுக்காக இருந்திருந்தால் போயிருக்கும். இது இடுப்புக்கு இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. மாலையானால் உடம்பு லேசாகச் சுடும். தூக்கத்தில் வியர்த்துப் புடவை நனையும். மருத்துவரிடம் போகும் காலை வேளையில் காய்ச்சல் இருக்காது.

எங்கள் ஊரான பாரிவாக்கத்திலிருந்து ஆவடி, அம்பத்தூர் என்று அலைந்தோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் இடுப்புக்கு பெல்ட் கொடுத்தார். ஒருவர் சத்து ஊசி போட்டார். இன்னொருவர் என் கணவர் தனபாலைத் தனியே அழைத்து, இது மனதில் இருக்கும் வலி என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தனபால் கெட்டவர் அல்ல. விடியுமுன் மாடுகளைக் கறந்து, ஆவடி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து எனக்கு ஒத்தடம் கொடுப்பார். ஆனால் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"எல்லா டாக்டரும் ஒண்ணும் இல்லன்றாங்க. நீ மட்டும் கீது கீதுன்ற. நான் யார நம்புறது?"

கோபமில்லாமல்தான் கேட்டார். அதன்பின் வலியைப் பற்றி வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

மகள் செல்விக்கு அப்போது மூன்று வயது. அவளைக் குளிப்பாட்ட என்னால் குனிய முடியவில்லை. மடியில் உட்கார்ந்தால் உயிர் போனது. அம்பத்தூரில் இருந்த என் அக்காவுக்குக் குழந்தை இல்லை. நான் தேறும்வரை தன்னிடம் இருக்கட்டும் என்று அழைத்துப் போனாள். இரண்டு மாதம் என்று பேசிக்கொண்டோம். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

1990இல் ஓர் அரசு மருத்துவமனையில், புதிதாக வந்திருந்த பெண் மருத்துவர் என் இடுப்பை அழுத்திப் பார்த்தார். மாலைக் காய்ச்சலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "வீட்ல மாடு இருக்காம்மா?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

"ஏதாவது மாடு குறைமாசத்துல கன்னு போட்டுச்சா?"

போட்டிருந்தது. வலி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு. கன்று செத்தே விழுந்தது. நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியது. தனபால் பால் ஊற்றப் போயிருந்ததால் நான்தான் வெறுங்கையால் இழுத்துப் போட்டேன். அதையும் என் இடுப்பையும் சேர்த்து நினைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது: புரூசெல்லோசிஸ் (மாடு, ஆடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியா நோய்). இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் கிருமி தங்கியிருந்தது. இரண்டு ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) மாத்திரைகளைச் சில மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கியது. இன்னொன்று வயிற்றைப் புரட்டியது. முதலில் வியர்வை நின்றது. பிறகு ஒரு காலையில் பிடிமானம் இல்லாமல் எழுந்து நின்றேன்.

மகிழ்ச்சி வரவில்லை. மாத்திரைக்கு அடங்கும் வலிக்கா இத்தனை ஆண்டுகளைக் கொடுத்தேன் என்றுதான் அழுதேன். கிருமி செத்தாலும் அரித்துப்போன மூட்டு பழையபடி ஆகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கொஞ்சம் வலி மிஞ்சியது.

தனபால் தொழுவத்துப் பக்கம் பார்த்தபடி, "ஊர்ல கீற டாக்டருங்கள எல்லாம் நம்புனேன். உன்ன நம்பல" என்றார். 

என் கதையைக் கேட்ட சக ஆசிரியை ஒருவர், நெடுநாள் கழுத்துவலிக்கு அதே மாத்திரைகளை மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டார். கழுத்து வலித்தபடியே இருந்தது. எனவே இதைப் படிப்பவர்களுக்கு மாத்திரையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்கள் மருத்துவர் கேட்க மறந்த கேள்வி ஏதாவது இருக்கலாம். உங்கள் வீடு, வேலை, வளர்க்கும் விலங்கு எல்லாவற்றையும் நீங்களாகவே சொல்லுங்கள்.

செல்வியை அழைத்து வந்தோம். வந்த இரண்டாம் நாளே பையை எடுத்து வைத்துக்கொண்டு, "எப்போ ஊட்டுக்குப் போலாம்?" என்றாள். அக்காவின் வீட்டைத்தான் சொன்னாள். வற்புறுத்தாமல் அங்கேயே திருப்பி அனுப்பினோம்.

இப்போது சனிக்கிழமைகளில் வருகிறாள். அக்காவும் அவளுக்கு அம்மா, நானும் அம்மா. எனக்கு வாரம் சனிக்கிழமையில் தொடங்கி ஞாயிறு மாலையோடு முடிந்துவிடுகிறது. அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கால்கள் மெதுவாகத்தான் நகரும். மூட்டு வலிக்கிறதா, வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எந்த மருத்துவரிடமும் அதை நான் கேட்டதில்லை.