காலி வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்

பஞ்சாயத்து போர்டில் நான் பில் கலெக்டராகச் சேர்ந்த 1950களில், வீட்டு வரியை ஏற்றத் தெரிந்த அளவுக்கு எனக்கு இறக்கத் தெரியாது. ஆனாலும் தெரிந்த மாதிரியே பேசுவேன். இப்போது வரி ஆபீசில் சேருகிறவர்கள் என் முட்டாள்தனத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நாகப்பா ராகி விவசாயி. தேன்கனிக்கோட்டை ரோட்டோரம் ஓட்டு வீடு. அந்த வருஷம் வரி இரண்டு மடங்காகிவிட்டது என்று டிமாண்டு நோட்டீசோடு வந்து நின்றார்.

"பொண்ணு சாவித்திரிக்குக் கல்யாணம் பேசிக்கினு இருக்கேன் சார். இந்த நேரத்துல ஏத்திட்டீங்களே. கொறைக்க ஏதாச்சும் வழி சொல்லுங்க."

"அரை வருஷம் காலியாக் கெடந்த வீட்டுக்குப் பாதி வரி ரிமிஷன், அதாவது தள்ளுபடி உண்டு" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. "கதிர் முத்துறப்ப யானைக் காவலுக்குக் குடும்பத்தோட ராகிக் கொல்லையிலதான இருக்கீங்க?"

"அது ரெண்டு மாசம்தான் சார்."

"ஆறுன்னு எழுதுவோம். யாரு எண்ணப்போறாங்க?"

பெட்டிஷனை நானே எழுதிக் கொடுத்தேன். எண்ணுவதற்கென்றே எங்கள் எக்ஸிக்யூட்டிவ் ஆபீசர் இருந்தார். நேரில் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். வியாழக்கிழமை காலை வீட்டைப் பார்க்க வருவதாக நோட்டீஸ் போய்விட்டது. அன்று மத்தியானம்தான் ஆனேக்கல்லிலிருந்து சாவித்திரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம். நாள் மாற்றினால் கை நழுவிவிடும்.

நாகப்பா அசரவில்லை. "காலையில காலி பண்ணிக்கிறேன், மத்தியானம் குடி வந்துக்கிறேன்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

விடிந்ததும் அண்டா, கட்டில், சாமி படம் எல்லாம் வைக்கோல் போருக்குப் பின்னால் போயின. பட்டுப்புடவை கட்டிய சாவித்திரி பின்பக்கக் கட்டடத்தில் ஒளிந்துகொண்டாள். வீட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. ஆனால் ஆபீசர் வந்த பஸ் பஞ்சர். நானும் அவரும் போய்ச் சேரும்போது உச்சிவெயில். மாப்பிள்ளை வீட்டு மாட்டுவண்டி முன்னதாகவே வந்து வாசலில் நின்றது.

பூட்டைப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா, "ஏனு இது? மனெ ஜப்தி ஆயிதா?" என்று கன்னடத்தில் கத்தினார். வீடே ஜப்தியாகிவிட்டது என்று நினைத்து, வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

அதே சமயம் ஆபீசர் கேட்டார்: "நாகப்பா, வீடு காலியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்."

காலி என்றால் சம்பந்தம் போச்சு. இல்லை என்றால் பொய் பெட்டிஷன். நாகப்பா என்னைப் பார்த்தார். நான் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தலையில் வைக்கோலோடு சாவித்திரி வெளியே வந்தாள்.

"காலி இல்லீங்க சார். பொறந்ததுலருந்து நான் இங்கதான் இருக்கேன். இன்னிக்கி மட்டும் இல்லாம இருக்கச் சொன்னாங்க."

மாப்பிள்ளையின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பொய் சொல்ல வராத பொண்ணு! நம்ம மனெக்கு அது போதும்" என்று வண்டியை விட்டு இறங்கினார்.

ஆபீசர் சிரிக்கவில்லை. "எங்கிருந்தும்மா வந்தே?" என்றார்.

"மாட்டுக் கொட்டாயிலருந்து சார்."

அவர் அசெஸ்மெண்ட் ரிஜிஸ்டரைப் பிரித்தார். 'பின்கட்டு, இரண்டு அறைகள்' என்று என் கையெழுத்தில் இருந்தது. நாகப்பா வீட்டு நாய்க்குப் பயந்து, தெருவில் நின்றே கண்ணளவில் அளந்து எழுதியது. வரி இரண்டு மடங்கானதே அதனால்தான். மாட்டுக் கொட்டகைக்கு வரி விலக்கு என்பது ரூல். ஆபீசர் பெட்டிஷனைக் கிழித்தார், ரிஜிஸ்டரில் அந்தப் பதிவை அடித்தார், பேனாவை என்னிடம் நீட்டினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். நாகப்பாவின் வரி பழையபடி ஆனது.

எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு உள்ளே போகாமல் எந்தக் கட்டடத்தையும் நான் எழுதியதில்லை. அளக்கப் போன அன்றைக்கே நாலு அடி உள்ளே போய்ப் பார்த்திருந்தால், ஒரு பெண்ணை அவள் சொந்த வீட்டிலேயே இல்லாதவளாக ஆக்கியிருக்க வேண்டியதில்லை.