நாலாவது ஆள்

பகலெல்லாம் நான் நாகர்கோவிலில் ஒரு கட்டட இஞ்சினியரின் அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைகிறவள். சாயங்காலம் அக்கா வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ராக்கெட் விடுவேன். கம்ப்யூட்டர் விளையாட்டுதான், ஆனால் யாராவது அதை விளையாட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஏவுதளம், இஞ்சின், எரிபொருள் தொட்டி, வாய் திறந்து ஒன்றும் கேட்காத குட்டி விண்வெளி வீரர்கள் என்று ஒரு முழு விண்வெளித் திட்டமே என் பொறுப்பில் இருந்தது. நாற்பத்தொரு வயதில் கல்யாணமும் ஆகாமல் இதென்ன வேலை என்று கேட்க நிறைய பேர் உண்டு. அவர்களை நான் மாடிக்கு ஏற விடுவதில்லை.

விளையாட்டில் ஏதாவது தப்பாகிவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிப்போகிற வசதி உண்டு. அதை முதல் நாளே அணைத்துவிட்டேன். அலுவலகத்தில் என் வேலையே அதுதானே. வீட்டுக்காரர் வருவார், அடுக்களையைத் தென்கிழக்குக்கு நகர்த்தச் சொல்வார், அழித்து வரைவேன். அடுத்த வாரம் அவர் மைத்துனர் வந்து மாடிப்படியைத் திருப்பச் சொல்வார், மறுபடி அழிப்பேன். வீட்டில் உட்கார்ந்து செய்கிற ஒன்றாவது அழிக்க முடியாததாக இருக்கட்டும் என்று ஒரு வீம்பு.

முதல்முறையாக நிலவுக்கு ஆள் அனுப்பிய அன்று அக்கா சாயாவோடு மேலே வந்தாள். ராக்கெட் ஏவுதளத்தில் நின்றுகொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் மூன்று முகங்கள்.

"எத்தற பேரு போறாவ?"

"மூணு."

"மூணு பேராட்டு அனுப்பாண்டாம் கேட்டியா. இன்னொரு ஆளையும் கூட்டிக்கிடு."

"மூணு சீட்டுதான்கா இருக்கு."

"அப்பம் ஒரு கல்லையாவது வெச்சு விடு."

எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ மூன்று பேராகக் கிளம்பமாட்டார்கள். வேறு வழியில்லை என்றால் ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். அது நாலாவது ஆள். என்னைப் பெண் பார்க்க ஒருமுறை மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா தேங்காய் பர்பிக்குக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல் தட்டில் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை. அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது, எனக்கு வருத்தமும் இல்லை.

ஆக, கல் இல்லாமல்தான் அந்த மூன்று பேரையும் அனுப்பினேன். நிலவைச் சுற்றினார்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை, அதில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகிவிட்டது. திரும்பி வந்தவர்கள் காற்றுமண்டலத்துக்குச் சற்று மேலே சுற்றத் தொடங்கினார்கள். கீழே இறங்க வேகம் குறைய வேண்டும், அதற்குத் தொட்டியில் ஒரு சொட்டும் இல்லை. தப்பு என்னுடையது. அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன்.

"நாஞ் சொன்னேம்லா" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடும்போது அடுக்களையிலிருந்து கேட்பாள்.

"மேல உள்ளவங்க இருக்காவளா?"

"இருக்காங்க. அவங்களுக்குச் சோறு தண்ணி ஒண்ணும் வேண்டாம்."

"பேடிக்க மாட்டாவளா?"

பேடி என்றால் பயம். அவர்கள் பொம்மை, பயமெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டு ஓடுவேன்.

அந்த மாதத்தில்தான் அக்காவின் கழுத்தில் கட்டி தெரிந்தது. ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது மாலையின் கொக்கியை மாட்டிவிட்டது நான்தான். விரலில் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார். ஊசி குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து நேரில் வந்து முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பத்தாம் நாள் அக்கா கிளம்பவில்லை.

"அந்த மூணு பேரும் எறங்கட்டு. பொறவு போலாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "அது பொம்மைக்கா. உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிடிவாதத்தில் அவள் எனக்கு மூத்தவள்.

சரி, இறக்கிவிட்டால் முடிந்தது என்று மாடிக்குப் போனேன். இன்னொரு கலத்தைக் கட்டி, ஒரே ஓட்டுநரோடு அனுப்பி, அவர்களைப் பிடித்து, நால்வரையும் அதில் இறக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. நான் ஐந்து நாள் எடுத்தேன். தொட்டியை மாற்றினேன், கலத்தின் கால்களை மாற்றினேன், ஒன்றுமில்லாத இடத்தில் விளக்கு வைத்தேன். ஐந்தாம் நாள்தான் எனக்கே புரிந்தது, நானும் தள்ளிப்போடுகிறேன் என்று. அவர்கள் மேலே சுற்றுகிற வரைக்கும் ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனை முடிவுக் காகிதத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள். பிரிக்காத வரைக்கும் அக்காவுக்கு ஒன்றுமில்லை. இப்படி நினைத்ததும் மவுஸை விட்டுவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தேன்.

அன்றுதான் அத்தான் முதல்முறையாக மாடிக்கு வந்தார். வாழைத் தோட்டம், சந்தை, வீடு என்று இருக்கிறவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்களா?"

"ஆமா அத்தான்."

"இன்னும் எத்தற நாளாவும்?"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"மக்கா, நீயும் பேடிச்சா நான் ஆருகிட்ட போவேன்?"

சொல்லிவிட்டு எழுந்து இறங்கிப்போய்விட்டார். படிகளில் அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குகிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏவினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போகிறவர்களைப் பிடிக்க ஏன் கலத்தைக் கீழே இறக்குகிறாய் என்று கேட்டாள். மேலே சுற்றுகிறவனைவிடக் கீழே சுற்றுகிறவன் சீக்கிரம் சுற்றிவருவான், அங்கே அப்படித்தான் என்றேன். மூன்று சுற்றில் நெருங்கிவிட்டோம். அந்தப் பழைய கலத்தில் இணைப்பு வாசல் வைக்கவில்லை. அதனால் முதுகில் கட்டிய சின்ன உந்துபொறியோடு ஒவ்வொருவராக வெளியே வந்து, வெட்டவெளியில் மிதந்து, இந்தப் பக்கம் வர வேண்டும்.

"கொண்டு வந்திருவியா?" என்று கேட்டாள்.

"கணக்கு சரியா இருந்தா வருவாங்க."

இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மூன்றாமவன் புதுக் கலத்தின் வாசலைத் தாண்டிப் போய்விட்டான். நான் விசையைக் கூடுதலாக அழுத்திவிட்டேன். திரையில் அவன் சுருங்கிச் சுருங்கிப் போனான், முதுகில் இருந்த எரிபொருள் கால் பங்குகூட இல்லை. அக்கா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. நான் மூச்சை விடாமல் அவனைத் திருப்பினேன், ஒரே ஒரு தட்டு தட்டினேன், பிறகு கையை எடுத்துவிட்டேன். அவன் பைய வந்தான். வாசல் கம்பியைப் பிடித்தபோது என் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது.

நாலு பேராக இறங்கினார்கள். கடலில் பாராசூட் விரிந்து படிந்தது. அக்கா தலையை எண்ணிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போலாம்" என்றாள்.

அத்தான்தான் காரை ஓட்டுவார். நீயும் வரணும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அப்படியானால் மூன்று பேர். காலையில் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

"ஏட்டி, முற்றத்துல ஒரு கல்லெடுத்து உன் பையில போடு."

"போட்டாச்சு" என்றேன்.

போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்பது வருஷத்து வீம்பு ஒரு கல்லுக்குக் குனியவில்லை, அவ்வளவுதான்.

தக்கலை தாண்டும்வரை ஒன்றுமில்லை. மார்த்தாண்டம் பாலத்தில் ஏறும்போது தலைகளை எண்ணினேன். நாங்கள் மூன்று பேர். அந்தக் கலத்தைப் போலவே மூன்று இருக்கையில்தான் ஆள், காரில் என் பக்கத்து இருக்கை காலி. இது முட்டாள்தனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதத்தில் எழுதியிருப்பது ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, ஒரு கல் அதை மாற்றாது. ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் இனி வாழ்நாள் முழுக்க அந்தக் கல்லை நினைத்துக்கொண்டுதான் இருப்பேன் என்பதும் தெரிந்தது. குழித்துறை ஆற்றையும் கடந்தோம். அக்கா முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

களியக்காவிளையில் அத்தான் சாயா குடிக்க நிறுத்தினார். ரோட்டு வேலைக்காக ஓரத்தில் ஜல்லி குவித்திருந்தார்கள். செருப்பு வாரைச் சரிசெய்கிறவள் மாதிரி குனிந்து ஒன்றை எடுத்துப் பையில் போட்டேன். யாராவது பார்த்துச் சிரித்திருந்தால் எனக்கு அது வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் முப்பது பேர். தண்ணீர் பாட்டிலுக்காக அக்கா என் பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தபோது பாட்டிலோடு ஜல்லியும் வந்தது. கறுப்பாக, மூன்று பக்கமும் கூர்மையாக இருந்ததை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம முற்றத்துக் கல்லு இல்லியே."

இனி பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "களியக்காவிளையில எடுத்தேன். வீட்டுல எடுக்கலக்கா."

"அப்பம் அது வரைக்கும் மூணு பேராட்டுதான் வந்தோமா?"

"ஆமா."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கல்லை முந்தானையில் துடைத்தாள்.

"சாரமில்ல, விடு. உன் ஆளுகளுக்கும் நாலாமத்தவன் நடுவழியிலதானே வந்து சேந்தான்" என்றாள்.

உள்ளே கூப்பிட்டபோது அதை வலது கையில் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசினார். கட்டி நல்லது இல்லை. ஆனால் எடுக்கலாம், சீக்கிரம் எடுக்க வேண்டும். எடுத்த பிறகுதான் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று உறுதியாகத் தெரியும். "பேடிக்கண்டா" என்று கடைசியில் மலையாளத்தில் சொன்னார். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அக்கா டாக்டரிடம் எதுவுமே கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்த பிறகு என்னிடம்தான் கேட்டாள்.

"ஏட்டி, என்னையும் எறக்கிருவியா?"

"எறக்கிருவேன்கா" என்றேன்.

கணக்கு சரியாக இருந்தால் என்று நான் சொல்லவில்லை. அவள் விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் ஜல்லியின் முனைகள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். கல்லை அவள் திருப்பித் தரவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறாள். நான் மாடியில் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. அழித்து மறுபடி வரைய முடியாத ஒன்று வேண்டும் என்று வீம்பு பிடித்தவள் நான்தான். இப்போது அது வந்திருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.