நீர்மூழ்கிகளுக்குத் தண்ணீர் சுமந்த கப்பல்

பிள்ளைகளே, உங்கள் வாப்பா நான் ஒரு மனிதனைச் சாகவிடப் பார்த்த கதை இது.

நோன்பு மாதம். எங்கள் படகின் எஞ்சின் நின்று, நானும் உங்கள் மாமாவும் இரண்டு நாள் கடலில் அலைந்தோம். வெளிநாட்டுக் கடற்படைக் கப்பலொன்று எங்களை ஏற்றியது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எண்ணெயும் உணவும் தண்ணீரும் கொடுத்தே பழசாகிப்போன கப்பல் அது.

சமையற்காரர் தண்ணீர் நீட்டினார். மயங்கிக்கொண்டிருந்த மாமாவின் கையைப் பிடித்தேன்.

"பொறு மச்சான், பொழுது சாய்ஞ்சு மஃரிபாக இன்னும் கொஞ்ச நேரந்தான். நம்மட நோன்ப இவங்களும் பாக்கட்டும்."

"நான் மவுத்தானா அந்தச் சாவையும் பாப்பாங்க," என்றார் மாமா.

சமையற்காரருக்கு எங்கள் பாஷை தெரியாது. எங்களைக் காட்டி, "முஸாபிர்" என்றார், பயணிகள் என்று. அவரும் முஸ்லிம்தான். பயணிக்கு நோன்பை விட்டுவிட அனுமதி உண்டென்பது எனக்கும் தெரியும், பெருமைதான் விடவில்லை. வெட்கத்தோடு கையை எடுத்தேன். இருவரும் குடித்தோம்.

பெருநாள் கழிந்து, அந்த நோன்பைத் திரும்பப் பிடித்தேன், உங்கள் உம்மாவுக்குக்கூடச் சொல்லாமல்.