மெல்லிய குரலில் பேசியதாக ஒரு புகார்

எங்கள் தறிக்கூடத்தில் அவளுக்குக் குடைச்சல் அக்கா என்றுதான் பெயர். டீயில் சர்க்கரை போட்டுவிட்டேன் என்று புருஷன் சொன்னால்கூட, ஸ்பூனை விட்டுக் கலக்கிப் பார்த்துத்தான் குடிப்பாள். அப்படிப்பட்டவளைப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் குழுவில் போட்டால் சும்மா இருப்பாளா? நானும் தறிக்காரிதான், அதே குழுவில் இருந்தேன். தலைவி மட்டும் ஆபீஸ் அம்மா.

அன்று வந்த புகார் மேஸ்திரிமேல். கொடுத்தவள் ஒரு வருஷமாக எங்களோடு தறி ஓட்டுகிற பெண். தறி ஓடிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி சற்றுத் தள்ளி நின்று மெல்லிய குரலில் அசிங்கமாகப் பேசினாராம். டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அக்கா புருவத்தை நெரித்தாள். "தறி ஓடறப்ப மெல்லிய குரலா? தொண்டை கிழியக் கத்தினாலே அங்க கேக்காதே!"

உண்மைதான். அந்த இரைச்சலில் உதட்டை அசைத்தும் கையைக் காட்டியும்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். ஆளாளுக்கு ஒரு சைகை உண்டு. மீசையைத் தடவினால் மேஸ்திரி. கழுத்தில் டை முடிச்சை இறுக்குவது போலக் காட்டினால் மேனேஜர்.

"அப்ப பொய்ப் புகார்தானே," என்றார் தலைவி. "வேணும்னே பொய் சொன்னா வேலையை விட்டே அனுப்பலாம். அப்படியே முடிச்சுடலாம்." அவர் அவசரம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"நிரூபிக்க முடியலைங்கறது வேற, வேணும்னே பொய் சொன்னாங்கறது வேறம்மா," என்றாள் அக்கா. "அங்க ஒண்ணும் கேக்காதுன்னு தறி ஓட்டறவளுக்குத் தெரியாதா? இதை எழுதின ஆளு, தறி ஓடறப்ப உள்ள கால் வச்சதே இல்ல."

புகார் கொடுத்த பெண் எங்கள் எதிரே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் மோவாயை நிமிர்த்தி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். எழுதினது யாரு?

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு அவள் கை கழுத்துக்குப் போய், இல்லாத டையை இறுக்கியது.

தொல்லை குடுத்தது?

கை கழுத்தை விட்டு இறங்கவே இல்லை.

அப்புறம் மேஸ்திரி பேரு எதுக்கு?

மீசையைத் தடவுவது போலக் காட்டி, கண்ணைத் தொட்டாள். மேஸ்திரி பார்த்துவிட்டார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வேலை போய்விடும் என்று மேனேஜர் இவளை மிரட்டி, பார்த்தவர்மேலேயே பழியைப் போடச் சொல்லியிருக்கிறான். பழி நின்றால் மேஸ்திரி வெளியே, நிற்காவிட்டால் இந்தப் பெண் வெளியே. எப்படிப் பார்த்தாலும் அவனுக்கு லாபம்.

எங்கள் சைகை புரியாத தலைவி போனை எடுத்தார். "என்ன நடக்குது இங்க? இருங்க, மேனேஜர் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அக்கா அவர் கையோடு சேர்த்துப் போனை அமுக்கினாள். "அவர்கிட்ட வேண்டாம்மா. புதுசா ஒரு புகார் எழுதணும். அதுல அவருதான் எதிராளி."

தலைவியின் முகம் செத்துப்போனது. அதுவரை வாயே திறக்காத பெண், "நானே சொல்றேங்க்கா, எழுதிக்குங்க," என்றாள். குரல் நடுங்கியது, ஆனாலும் அறை முழுக்கக் கேட்டது.